தொண்ணூற்று மூன்று வயதுக்கும் ஒரு கட்டம்

காஞ்சிபுரம் பக்கம் ஓரிக்கையைச் சேர்ந்த கிரேஸ் முப்பத்து நான்கு வருடம் அரசு மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆன பிறகும் தெருவில் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அவரும் அப்பா அந்தோணியும் மட்டும்.

அந்தோணி கிணறு வெட்டியவர். சுற்றுவட்டாரத்தில் கூரம் கிராமம் வரைக்கும் அவர் உடைக்காத பாறை இல்லை. அந்தக் கூலியில்தான் மகளை நர்சிங் படிக்க வைத்தார். 2023இல் மகளுக்கு அறுபத்தேழு வயது, அவருக்குத் தொண்ணூற்று மூன்று.

ஓய்வு பெற்ற கையோடு கிரேஸ் தனக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தார். அப்பாவுக்கும் கேட்டபோது ஏஜென்ட் சிரித்துவிட்டார்.

"எண்பத்துநாலு வயசுக்கு எவன் பாலிசி குடுப்பான் சிஸ்டர்? விட்டுடுங்க."

கட்டிலில் படுத்திருந்த அந்தோணியின் காதில் அது விழுந்தது. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "நம்மள ஆளாவே சேத்துக்க மாட்டானுங்க போலக்குதே, கிரேசு," என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு இதய மாத்திரை, கண் சொட்டு மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் கிரேஸின் பென்ஷனில்தான். அந்தச் செலவைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை.

2023 ஜூலையில், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய பெரிய காஞ்சிபுரத்தில் சிவபாலன் என்ற ஆடிட்டரிடம் போனார். கிரேஸின் பிரீமியம் ரசீதை வரிக் கழிவில் பதிந்துவிட்டு, சிவபாலன் கம்ப்யூட்டர் படிவத்தின் அடுத்த கேள்விக்கு அவரைக் கேட்காமலேயே 'இல்லை' என்று போடப் போனார்.

"அது என்ன கேள்வி சார்?"

"உங்க அப்பா அம்மா மூத்த குடிமக்களான்னு கேக்குதும்மா. உங்களுக்கே அறுபத்தேழு ஆயிடுச்சி..."

"அப்பா இருக்கார் சார். தொண்ணூத்திமூணு."

சிவபாலன் நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தார். "நெசமாவா? அவருக்கு இன்சூரன்ஸ் இருக்குதா?"

"எந்தக் கம்பெனியும் குடுக்கல."

"குடுக்கலன்னாதாம்மா இந்தக் கட்டமே! காப்பீடு இல்லாத வயசான அப்பா அம்மாவுக்குப் பண்ற வைத்தியச் செலவு, ஐம்பதாயிரம் வரைக்கும் கழிச்சிக்கலாம். ஆனா கையில காசா குடுத்திருந்தா செல்லாது."

கிரேஸ் போனை எடுத்துக் காட்டினார். மருந்துக் கடையிலும் லேபிலும் சில்லறைத் தொல்லைக்காகப் பெரும்பாலும் போனிலேயே கட்டி வந்தவர் அவர். மருந்துச் சீட்டுகளோடு சிவபாலன் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ரொக்கமாகக் கொடுத்து வாங்கிய நான்கு பில்களை ஒதுக்கிவிட்டார். மீதி நாற்பத்தாறாயிரம் வந்தது. அதைக் கழித்ததும் கிரேஸின் வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே இறங்கி, வரியே இல்லை என்று திரை காட்டியது.

"இருபது வருஷமா இந்த வேலை பண்றேன். அறுபது தாண்டின புள்ள, பெத்தவங்களுக்காக இந்தக் கட்டத்த நிரப்பி நான் பாத்ததே இல்ல," என்றார் சிவபாலன்.

கிரேஸுக்கு வரி இல்லை என்பது அப்போது மனதில் ஏறவேயில்லை. நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் நிரப்பும் படிவம் அது. அறுபத்தேழு வயதுக்காரிக்கும் அப்பா இருக்கக்கூடும், அவரைக் காப்பீட்டுக்காரர்கள் கைவிட்டிருக்கக்கூடும் என்று முன்கூட்டியே நினைத்து, முகம் தெரியாத யாரோ அதில் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் விவரமாகச் சொன்னார். அந்தோணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"எம்பேரு போட்டுக்குதா அதுல?"

"பேரு இல்ல நைனா. ஆனா உன்ன மாதிரி ஆளுங்க உண்டான்னு கேட்டுக்குது. நான் உண்டுன்னு போட்டேன்."

அந்தோணி மெல்லச் சொன்னார்: "எங்கியோ குந்திக்கினு நம்மள நெனச்சிக்கிறான் பாரு ஒருத்தன்."

பென்ஷனில் ஏற்கெனவே பிடித்திருந்த வரி ஆகஸ்டில் திரும்பி வந்தது. மறுநாள் பல் துலக்கி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளின் தோளைப் பிடித்தபடி அந்தோணி தெருமுனை மருந்துக் கடை வரைக்கும் நடந்தே போனார். இத்தனை நாள் மகள் வாங்கி வந்த மாத்திரையை அந்த மாதம் அவரே கேட்டு வாங்கினார்.