வகுப்புக்கு வராததற்கான காரணம்

வயோதிபர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் இருபத்தொரு வருஷம் வேலை செய்தேன். ஈரமான படுக்கை விரிப்புகளை மெசினிலிருந்து இழுத்து இழுத்து, ஒருநாள் வலது தோள் மேலே எழும்பவில்லை. முதலில் மருத்துவ லீவு, பிறகு ஒப்பரேசன், பிறகு வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம். இயலாமைக் காப்புறுதிக்காரர்கள், என்னால் தோளைப் பாவிக்காத இலகுவான வேலை செய்யமுடியும் என்று எழுதிவிட்டார்கள். அப்படி ஒரு வேலை எங்கே இருக்கிறதென்று எழுதவில்லை. வேலையில்லாக் காலக் காப்புறுதியும் முடிந்தபிறகு, ஐம்பத்தாறு வயதில், சோசியலுக்குப் போனேன். அரசாங்கத்தின் சமூக உதவியை எங்கள் ஆட்கள் சோசியல் என்றுதான் சொல்வார்கள். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவார்கள்.

சுவிசில், லோசானிலிருந்து ரயிலில் சிறிது தூரம் போனால் வருகிற ஊர் எங்களுடையது. சோசியல் அலுவலகம் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. அதே கட்டடத்தின் நான்காம் மாடியில், வேலை தேடுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் வகுப்பு. உதவி எடுக்கிறவர்கள் கட்டாயம் போகவேண்டும். முதல்நாள் ஆசிரியர் எங்களைப் பார்த்து, "வேலைக்குப் போகும் ஒருவர் காலையில் எத்தனை மணிக்கு எழும்பவேண்டும்?" என்று கேட்டார். நான் இருபத்தொரு வருஷமும் நாலே முக்காலுக்கு எழும்பினவள். பக்கத்தில் இருந்த போர்த்துக்கல்காரர் கட்டட வேலையில் முதுகை முறித்துக்கொண்டவர். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "ஏழு மணிக்கு" என்று அவர் பதில் சொன்னார். "மிகவும் நல்லது" என்றார் ஆசிரியர்.

இரண்டாம் மாடியில் எனக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒரு பெண். கெட்டவர் அல்ல. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு இருத்தி, மெத்தச் சந்தோசமாக ஒரு செய்தி சொன்னார். வறுமையையும் சமூகத்தில் ஒதுக்கப்படுவதையும் குறைக்கும் திட்டங்களைப்பற்றிப் பேச, ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். கன்ரோன் அரசு, அதாவது எங்கள் மாநில அரசு, கூட்டத்தை நடத்துகிறதாம். வறுமையை அனுபவித்த ஒருவர் மூன்று நிமிடம் பேசவேண்டும்.

"சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே?" என்று கேட்டேன்.

"அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வதற்குத்தான்" என்றார். "உங்களுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். நீங்கள் பயப்படாமல் பேசுவீர்கள்."

"அன்றைக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது."

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு அக்கா தனியாக இருக்கிறார். ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலை. கொரோனாவுக்குப் பிறகு அவருடைய மணித்தியாலங்களைப் பாதியாக்கிவிட்டார்கள். வாடகையும் மருத்துவக் காப்புறுதிப் பிறீமியமும் கட்டினால் சம்பளம் போய்விடும். காப்புறுதி இருந்தும் டொக்டரிடம் போகமாட்டார், ஏனென்றால் முதலில் வருகிற பில்லுகளை ஒரு தொகைவரை நாங்களே கட்டவேண்டும். பிறஷர் குளிசையைக் கத்தியால் பாதியாக வெட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதை நானே கண்டேன்.

"ஒருக்கா சோசியலுக்கு வந்து கேளுங்கோவன், அக்கா" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

"உனக்குச் சொல்ல லேசு. உன்னட்ட சுவிஸ் பாஸ்போட் இருக்கு. என்ர சி விசாவைப் பி ஆக்கிப்போட்டாங்கள் எண்டால் பிறகு என்ன செய்யிறது? வருசா வருசம் அவங்களுக்கு முன்னால போய் நிக்கவோ?"

அது வீண் பயம் இல்லை. சமூக உதவி எடுத்தால் வெளிநாட்டவரின் சி என்ற நிரந்தர விசாவை, வருஷா வருஷம் புதுப்பிக்கவேண்டிய பி ஆகத் தரம் குறைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஒரு கையால் உதவிப் படிவத்தை நீட்டி, மறுகையால் விசாவைப் பிடித்துக்கொள்கிற நாட்டில் வறுமை ஒழிப்பைப்பற்றிப் பேச என்ன இருக்கிறது? இதைத்தான் எழுதிக்கொண்டு போனேன்.

உத்தியோகத்தர் வாசித்துப் பார்த்தார். "மிக முக்கியமான விஷயம். ஆனால் விசா எங்கள் துறை இல்லை."

"யாருடைய துறை?"

"வேறு திணைக்களம். அவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை."

"கூப்பிடவில்லையா?"

அவர் பேனாவை எடுத்து அந்தப் பந்தியை வெட்டினார். "நீங்கள் உங்கள் உணர்வுகளைப்பற்றிச் சொல்லுங்களேன். வேலை போனபோது மனதுக்குள் எப்படி இருந்தது என்று" என்றார்.

மனதுக்குள் எப்படி இருந்திருக்கும்? தோள் நொந்தது. அதுதான் இருந்தது.

கூட்டம் ஏரிக்கரையில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. வாசலில் எனக்கு ஒரு அட்டை தந்து சட்டையில் குத்தச் சொன்னார்கள். மற்றவர்களின் அட்டையில் பெயரும் பதவியும். என்னுடையதில் "வறுமை அனுபவ நிபுணர்" என்று இருந்தது. என் பெயரைக் காணவில்லை. காதில் மாட்டுகிற மொழிபெயர்ப்புக் கருவிகள், வட்ட மேசைகள், மேசைக்கு மேசை மஞ்சள் ஒட்டுத்தாள்கள். ஒரு பெண்மணி திரையில் வட்டங்களையும் அம்புக்குறிகளையும் காட்டி ஒரு மணித்தியாலம் பேசினார். பிறகு, வறுமை என்றதும் மனதில் வருகிற ஒரு சொல்லை எல்லோரும் எழுதவேண்டும் என்றார்கள். என் மேசையில் ஒருவர் "கண்ணியம்" என்று எழுதினார். இன்னொருவர் "நம்பிக்கை". நான் "விசா" என்று எழுதினேன். கூட்டத்தை நடத்தியவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பலகையை மேலும் கீழும் பார்த்தார். கடைசியில் "ஏனையவை" என்ற மூலையில் ஒட்டினார்.

என் முறை வந்தது. முதலில் தோளைப்பற்றிச் சொன்னேன். பிறகு திருத்தித் தந்த கடதாசியை மடித்து வைத்துவிட்டு, குளிசையை வெட்டுகிற ஒரு பெண்ணைப்பற்றியும் அவர் ஏன் இந்தக் கதவைத் தட்டுவதில்லை என்பதைப்பற்றியும் சொன்னேன். நல்ல பலமாகக் கைதட்டினார்கள். தலைவர் எழுந்து, மனதைத் தொடும் சாட்சியம் என்று சொல்லி நன்றி கூறினார். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்தது கோப்பி இடைவேளை.

கோப்பி மேசையில் வடக்கு நாடொன்றிலிருந்து வந்த ஒரு மனிதர், எங்கள் சமூகத்தில் குடும்பங்கள் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்குமாமே, அதிலிருந்து ஐரோப்பா என்ன படிக்கலாம் என்று கேட்டார். எனக்கு வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு ஒரு பிஸ்கட்டை எடுத்தேன். அப்போதுதான் நரைத்த தலையுடன் ஒரு பெண் என்னிடம் வந்தார். எங்கள் கன்ரோனிலேயே ஒரு நகரசபையின் காப்புறுதிக் கவுண்டரில் வேலை செய்கிறவராம்.

"அந்தக் குளிசை வெட்டுகிறவர், பிறீமியம் குறைப்புக்கு விண்ணப்பித்தாரா?"

"அதுவும் சோசியல்தானே?"

"இல்லை, மதாம். மருத்துவக் காப்புறுதிப் பிறீமியத்தில் ஒரு பங்கை அரசு கட்டும். அது சமூக உதவிக்குள் சேராது. அதனால் அவருடைய விசாவுக்கு ஒன்றும் ஆகாது."

கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டேன். இத்தனை வருஷமாக அக்காவுக்குப் புத்தி சொன்ன எனக்கே இது தெரியாது. எல்லாவற்றையும் சோசியல் என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். "ஏன் ஒருவரும் இதைச் சொல்வதில்லை?" என்று கேட்டேன். "சொல்கிறோம்" என்றார் அவர், வெட்கப்பட்டவர்போல. "நான்கு பக்கத்தில், பிரெஞ்சில்." எந்தக் கவுண்டருக்குப் போகவேண்டும், என்னென்ன கடதாசி கொண்டுபோகவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். அந்த முழு நாளிலும் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

அடுத்த கிழமை எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான் காரணம் இல்லாமல் வகுப்புக்கு வரவில்லையாம். வகுப்பை முதலிலிருந்து தொடங்கவேண்டுமாம். என் உதவியைக் குறைப்பதுபற்றி ஆராயப்படுமாம்.

நான்காம் மாடிக்குப் போனேன். "எங்களுக்கு அறிவித்தல் வரவில்லை" என்றார் ஆசிரியர்.

"என்னைக் கூட்டத்துக்கு அனுப்பியதே இரண்டாம் மாடி."

"அப்படியானால் இரண்டாம் மாடியிலிருந்து கடிதம் வேண்டும்."

இரண்டாம் மாடியில் என் உத்தியோகத்தர் லீவு. அவருக்குப் பதிலாக இருந்தவர் கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, அந்தக் கூட்டம் கன்ரோன் நடத்தியது, தங்கள் அலுவலகம் அதற்குக் கடிதம் தரமுடியாது என்றார். திரும்பவும் நான்காம் மாடி. ஆசிரியர் எனக்காக இரங்கி, பட்டியலில் இருக்கும் காரணங்களை வாசித்துக் காட்டினார். நோய், குடும்பத்தில் மரணம், வேலை நேர்முகம். "நோய் என்று போடலாம், டொக்டரிடம் ஒரு துண்டு வாங்கி வாருங்கள்" என்றார்.

"எனக்கு ஒரு நோயும் இல்லை" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. "நான் வறுமையைப்பற்றிப் பேசப் போனேன். நீங்கள்தான் அனுப்பினீர்கள். அதற்கு ஏன் நான் பொய் சொல்லவேண்டும்?"

வகுப்பில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போர்த்துக்கல்காரர் மேசையில் இரண்டு தரம் தட்டினார்.

திங்கட்கிழமை உத்தியோகத்தர் வந்ததும் விஷயத்தைக் கேட்டு முகம் சிவந்துபோனார். என்னையும் கூட்டிக்கொண்டு படியேறி வந்து, ஆசிரியரிடம் தானே மன்னிப்புக் கேட்டார். ஆனால் வரவில்லை என்று பதிந்ததை ஐந்து நாளுக்குப் பிறகு கொம்பியூட்டர் அழிக்க விடாதாம். ஆட்சேபக் கடிதம் ஒன்றை அவரே எழுத, நான் கையெழுத்து வைத்தேன். உதவியைக் குறைக்கும் பேச்சு நின்றது. வகுப்பை மட்டும் திரும்ப முதலிலிருந்து படித்து முடித்தேன்.

அக்காவைக் கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போக எனக்கு மூன்று கிழமை எடுத்தது. வழிநெடுக, "பேர் பதிவாங்களோ? பதிஞ்சால் நான் திரும்பி வந்திடுவன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே சம்பளத் துண்டுகளைக் காட்டினோம், படிவத்தை நிரப்பினோம். பத்து நிமிடமும் ஆகவில்லை. விசாவைப்பற்றி நான் இரண்டு தரம் கேட்டேன், இரண்டு தரமும் ஒன்றும் இல்லை என்றார்கள். பிறீமியத்தில் பாதிக்குமேல் அரசு கட்டும் என்று பிறகு கடிதம் வந்தது. போன வருஷங்களுக்குக் கிடையாது.

அக்கா நன்றி சொல்வார் என்று நினைத்தேன். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார், பிறகு என்னோடு சண்டைக்கு வந்தார். "இவ்வளவு நாளும் உனக்கும் தெரியாதோ? நீயெல்லோ பிரெஞ்சு கதைக்கிறனி!"

பிழை என்னிலும்தான். அக்கா டொக்டரிடம் போனார், முழுக் குளிசை போடத் தொடங்கினார். ஆனால் வாடகைக்கு இன்னும் இழுபறிதான், சோசியல் பக்கம் இன்னும் போகமாட்டார். விசாச் சட்டத்தை மாற்றாமல் அதை யாராலும் மாற்றமுடியாது.

பிறகு அக்காவோடு ஹோட்டலில் வேலை செய்யும் இரண்டு பேரையும் அதே கவுண்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்கும் தெரியாது. கடைசியில், பிறீமியம் குறைப்பு என்றால் என்ன, எங்கே போவது, விசாவுக்கு ஏன் பயப்படத் தேவையில்லை என்று ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, எங்கள் கட்டடத்தின் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவில் ஒட்டினேன். கட்டடத்தைப் பராமரிக்கிறவர் அடுத்தநாளே கழற்றிவிட்டார். அனுமதி இல்லாமல் ஒட்டக்கூடாதாம். அனுமதிக்கு எழுதிக் கேட்டேன், இன்னும் பதில் இல்லை. அதுவரை, அவர் கழற்றக் கழற்ற நான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.