ராஜா ‘நான்’ என்று சொன்ன ஒரே இடம்

படத்துக்கு அடியில் சப்டைட்டில் எழுதிப் பிழைப்பவர்களே, வசனம் நன்றாக இருந்தால் புகழ் நடிகருக்கும், இல்லையென்றால் பழி நமக்கும் வந்து சேரும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மற்றவர்கள் எங்கே?

பேர்லினில் ஒரு சிறிய திரையரங்கு, பழைய இந்திச் சரித்திரப் படமொன்றுக்கு ஜெர்மனிலும் தமிழிலும் சப்டைட்டில் எழுதும் வேலையை எனக்குத் தந்தது. முற்றுகையின்போது கோட்டைக் கதவை அடைக்க ஆணையிட்டு, வெளியே நின்ற சொந்தத் தம்பியைச் சாகவிட்ட ராஜாவின் கதை. படம் முழுக்க அவர் தம்மை ‘ஹம்’ என்றே, அரச மரபின் பன்மையில், சொல்லிக்கொள்கிறார். கடைசிக் காட்சியில் மட்டும், தம்பியின் மனைவியிடம், ‘கதவை அடைத்தது நான்’ என்கிறார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் மொத்தப் படமும் காத்திருக்கிறது.

ஆகவே அதுவரை ஜெர்மனில் ‘விர்’, அதாவது ‘நாம்’, என்றும், தமிழிலும் ‘நாம்’ என்றே எழுதினேன். அரங்கின் நிர்வாகி சபீனா எல்லாவற்றையும் ‘நான்’ என்று மாற்றச் சொன்னார். முடியாது என்றேன். அவர் திரையைச் சுட்டிக் கேட்டார்: “அங்கே ஒருவர்தானே நிற்கிறார், மற்றவர்கள் எங்கே?”

அரியணைக்கு அடியில் செங்கல்

படம் உருவான கதையைச் சொல்லும் பழைய பேட்டி ஒன்றும் கூடவே வந்திருந்தது. தம்பியின் மனைவியாக நடித்தவர் பேசுகிறார். தச்சர்கள் அரியணையை உயரமாகச் செய்துவிட்டார்கள். ராஜாவின் கால் தரைக்கு எட்டவில்லை. பட்டுத்துணி சுற்றிய செங்கல்மேல் கால் வைத்துத்தான் அவர் நாட்டை ஆண்டிருக்கிறார். கடைசி வசனத்தையும் இயக்குநர் அரியணையிலேயே எடுக்கப் பார்த்தார், சரிவரவில்லை. நடிகர் இறங்கி வந்து கேட்டாராம்: “செங்கல்மேல் காலை வைத்துக்கொண்டு ‘நான்’ என்று எப்படி ஐயா சொல்வது?”

இதை சபீனாவிடம் போட்டுக் காட்டி, ‘விர்’ போனால் படத்திலிருந்து என் பெயரும் போகட்டும் என்றேன். அவர் அசையவில்லை: “முதலில் நாலு பேருக்குப் புரிகிறதா என்று பார்ப்போம், அப்புறம் கோபப்படுங்கள்.”

எங்களையும் ஏன்?

சோதனைக் காட்சிக்கு, பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் உணவகம் நடத்தும் யாழ்ப்பாணத்துக் குலம் அண்ணையை அழைத்தேன். ‘நாங்கள்’ கேட்பவரை விலக்கும், ‘நாம்’ சேர்த்துக்கொள்ளும். பல்கலைக்கழகத்தில் படித்த இந்த இலக்கணம் எழுதும்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை. “கதவை அடைக்க நாம் ஆணையிட்டோம்” என்ற வரி வந்ததும் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்: “இதென்ன தங்கச்சி, கதவைப் பூட்டினது அவர், ‘நாம்’ எண்டு எங்களையும் ஏன் கேசில மாட்டுறார்?”

விடுதலை

அண்ணையின் கேள்வியை சபீனாவுக்கு மொழிபெயர்த்து, ராஜாக்கள் அப்படிப் பேசியதே பழியைப் பங்குபோடத்தான் என்றேன். சபீனா கோப்பை மூடிவைத்தார். எதிராளி கோப்பை மூடினால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது என் வழக்கம். ‘விர்’ தங்கியது, தமிழ் ‘நாம்’ என்பதும் தங்கியது.

திரையிடலன்று அண்ணை எனக்கும் சபீனாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். ராஜா அரியணையிலிருந்து இறங்கினார். இரண்டு மொழிகளிலும் ‘நான்’ வந்தது. சபீனா முன்னால் சாய்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார்: “ஓம், இப்பத்தான் மனிசன் எங்களை விட்டிட்டார்.”

பாராட்டைத் தமக்கு வைத்துக்கொண்டு, பழியை மட்டும் ‘நாம்’ என்று பங்குபோட்டுப் பிழைத்தவர்கள் ராஜாக்கள். நமக்குப் பாராட்டே வராததால், பழிக்காவது ‘நான்’ என்று சொல்லும் கௌரவம் மிஞ்சுகிறது.