கல்யாணப் பத்திரிகைகளில் என் பெயர்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன் தாளில் இவ்வளவு பேசுகிறானே என்று என்னைத் தெரிந்தவர்கள் நினைக்கக்கூடும். வாயில் வராததால்தான் எழுதுகிறேன்.

ராசிபுரத்தில் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் கணினியில் வடிவமைத்துக் கொடுப்பேன். முன்பு எல்லோரையும் போல நானும் திருட்டு மென்பொருள்தான் வைத்திருந்தேன். ஒரு தை மாதம், முகூர்த்தங்கள் நெருங்கி நிற்கும்போது, யாரோ கொண்டுவந்த பென்டிரைவில் இருந்த வைரஸ் கடையிலிருந்த கோப்புகளையெல்லாம் தின்றுவிட்டது. அப்போது சூரமங்கலத்தில் கணினி உதிரிபாகம் விற்கும் பாய்தான் எனக்கு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தார். யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து எழுதி, எடுத்துக்கொள், மாற்றிக்கொள், அடுத்தவருக்கும் கொடு என்று விட்டிருக்கிறார்கள் என்றார். இப்படியும் உலகத்தில் நடக்குமா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு அதுவே பைத்தியமாகப் பிடித்துக்கொண்டது.

பாய் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கட்டற்ற மென்பொருள் ஆட்கள் கூடுவோம். ரயில்வே வேலையில் இருப்பவர்கள், கல்லூரி ஆசிரியர்கள், ஐ.டி.யில் இருப்பவர்கள் வருவார்கள். நான் கடைசி வரிசை. அங்கே யாருக்கும் என் பெயர் தெரியாது. ராசிபுரத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

எடுத்துக்கொண்டே இருக்கிறோமே, நாமும் ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று எனக்கு உறுத்தல் இருந்தது. நிரல் எழுத எனக்கு வராது. எனக்கு வந்ததைச் செய்தேன். நம் பக்கத்துப் பத்திரிகைகளுக்கு மாதிரிகள் செய்தேன். தாய்மாமன் பெயர் எங்கே வர வேண்டும், இறந்தவர் பெயருக்கு முன் என்ன போட வேண்டும், எந்த எழுத்து எந்த அளவில் இருந்தால் பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இரண்டு கோடைகாலம் உட்கார்ந்து செய்து இணையத்தில் பதிவேற்றினேன்.

பதிவேற்றும்போது அந்தத் தளம் ஒரு கேள்வி கேட்டது. பயன்படுத்துகிறவர்கள் ஆக்கியவரின் பெயரைச் சொல்ல வேண்டுமா, எந்த நிபந்தனையும் வேண்டாமா? முதலாவதை அழுத்தினால் பெயர் எழுதச் சொல்லிக் கட்டம் வந்தது. பெயர் போட்டால் யாராவது குறை சொல்லிக் கடிதம் எழுதுவார்களே என்று கூச்சம். இரண்டாவதை அழுத்திவிட்டேன். ஆனாலும் ஆசை விடுமா? பத்திரிகையின் அடியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே, மாதிரிக்கு என்று சொல்லிக்கொண்டு, என் பெயரையே தலைப்பெழுத்தோடு போட்டு ‘மற்றும் குடும்பத்தார்’ என்று சேர்த்திருந்தேன்.

பல வருடங்கள் அதை யாரும் சீண்டவில்லை. போன வருடம் வாழப்பாடியிலிருந்து ஒரு பெண் கூட்டத்துக்கு வந்தாள். என் மகள் வயதுதான். இன்ஜினியரிங் படித்து, வீட்டிலிருந்தே பெங்களூர் கம்பெனிக்கு வேலை செய்கிறவள். முன்னால் வந்து நின்று, போனில் கல்யாணப் பத்திரிகை செய்யும் செயலி ஒன்றைக் காட்டினாள். பெயர்களை நிரப்பினால் பத்திரிகை வந்து நிற்கிறது. வந்து நின்றது என் பத்திரிகை. என் பார்டர், என் எழுத்து வரிசை. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்தச் செயலியைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. காலையில் பல் துலக்கும் முன் அதற்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பேன்; அதில் ஒரு பத்திரிகை செய்து பார்க்க மட்டும் மனம் வரவில்லை. யாரோ ஒருவர் ‘வேஸ்ட், டைம் போனதுதான் மிச்சம்’ என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வீட்டுக்காரி கவனித்துவிட்டாள்.

“என்னுங்க, காலங்காத்தால போனப் பாத்துச் சிரிக்கறீங்க?”

சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன். கேட்டுவிட்டு, “சும்மா குடுத்ததுக்கு இப்ப எதுக்குங்க வயிறு எரியுது? அன்னதானம் போட்டுப்போட்டு, சாப்புட்டவன் கை கழுவறத நின்னு பாக்கறாப்பல இருக்குது” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆனால் எரிவது நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள், தயங்காமல் அவள் பேசும் பேச்சு, ரயில்வேக்காரர்கூட நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விடுவது எல்லாமே எனக்கு ஆகவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நான் எத்தனை காலமாகப் போகிறேன். எனக்கு யாரும் நாற்காலியை நகர்த்தியதில்லை.

போன மாதக் கூட்டத்தில் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச்சு வந்தது. இணையத்தில் ஊரார் எழுதியதையும் வரைந்ததையும் கேட்காமல் அள்ளி இயந்திரங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று ஆளாளுக்குக் கோபப்பட்டார்கள். செய்தித்தாளில் வந்த வழக்குகளையெல்லாம் கல்லூரி ஆசிரியர் எடுத்துச் சொன்னார். எழுதினவனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றார் பாய். நான் பலமாகத் தலையாட்டினேன். அவர்கள் பெரிய கம்பெனிகளை நினைத்துப் பேசினார்கள். நான் வாழப்பாடியை நினைத்துத் தலையாட்டினேன். நிபந்தனை வேண்டாம் என்று நானே அழுத்தினது அப்போது ஞாபகத்தில் இல்லை.

பிறகு அந்தப் பெண் எழுந்து, செயலியின் புதிய பதிப்பு தயாராகிறது என்றாள். அதற்கு முன் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும் என்று சிரித்தாள்.

“மாதிரியில ஒருத்தர் பேரு கீழ இருந்துச்சுங்க. அதை மாத்தறதுக்கு நான் கட்டம் வைக்க மறந்துட்டேன். மக்களும் பாக்காம அப்படியே பிரிண்ட் பண்ணிட்டாங்க. திருச்செங்கோட்டுல, ஆத்தூர்ல, எடப்பாடில, எல்லா கல்யாணத்துக்கும் இந்த ஒரே மனுஷன் குடும்பத்தோட நின்னு வரவேற்கறாரு.”

திரையில் என் பெயரைப் பெரிதாக்கிக் காட்டினாள். மாடியே சிரித்தது. இவருக்கு மொய் வசூல் எக்கச்சக்கமா இருக்குமே என்றார் ரயில்வேக்காரர். பாய் என் பக்கம் திரும்பி, “ஏனுங்க ராசிபுரத்தாரே, உங்க பக்கம் இப்படி ஒரு ஆளு இருக்காராங்க?” என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

என் கடையில் இது நடக்காது. அச்சுக்குப் போகும் முன் வீட்டு ஆள் ஒருவரை உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்கப் படிக்கச் சொல்வேன். சித்தப்பா பெயர் பெரியப்பாவுக்கு மேலே வந்தால் அங்கேயே சண்டை வரும், அங்கேயே தீரும். போனில் செய்கிறவர்கள் தங்கள் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.

“அடுத்த பதிப்புல அவர எடுத்துடறேங்க” என்றாள் அவள்.

இத்தனை ஊர்க் கல்யாணங்களில் என் பெயர் இருந்தது எனக்கே அன்றுதான் தெரிந்தது. தெரிந்த அன்றே அது போகப்போகிறது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவளே என்னிடம் வந்தாள்.

“நீங்க பத்திரிகைக் கடைதானேங்கண்ணா? இந்த மாதிரிகளை யாரோ தொழில் நல்லா தெரிஞ்சவங்க செஞ்சிருக்காங்க. யாருன்னு தேடித் தேடிப் பாத்தேன். பேரே போடல. போட்டிருந்தா செயலியில முதல்ல அவங்க பேரத்தான் வச்சிருப்பேன்.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

“அந்தப் பேரு ஒருவேளை அவரோடதா இருக்குமோங்கண்ணா?”

சொல்லியிருக்கலாம். ஆதார் அட்டை சட்டைப் பையில்தான் இருந்தது. ஆனால் சொன்னால், மேலே எல்லோரும் சிரித்த மனுஷன் நான்தான் என்றாகும். பாய் எல்லோரையும் திரும்பக் கூப்பிடுவார். அந்தப் பெண் என்னை முன்னால் நிறுத்திக் கை தட்டச் சொல்வாள். அவள் எடுத்துக் கொடுத்து எனக்குக் கிடைக்கிற கைதட்டலை என்னால் தாங்க முடியாது என்று தோன்றியது.

“மாதிரிக்குச் சும்மா போட்டிருப்பாங்க சாமி” என்றேன்.

“அப்ப எடுத்துடலாங்களா?”

“எடுத்துருங்க.”

ராசிபுரம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. போனில் அந்தத் தளத்தைத் திறந்து என் பக்கத்தைப் பார்த்தேன். ஆக்கியவர் பெயரை இப்போதும் சேர்க்கலாம் என்று ஒரு பொத்தான் இருந்தது. மல்லூர் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்து, போனைப் பையில் போட்டேன்.

மறுநாள் புதிய பதிப்பு வந்தது. என் பெயர் இருந்த இடத்தில் ‘வரவேற்பவர் பெயரை இங்கே எழுதவும்’ என்று ஒரு கட்டம் இருந்தது. மதியம் ஆண்டகளூர் கேட்டிலிருந்து வந்த ஒருவர், போனில் அந்தச் செயலியின் பத்திரிகை ஒன்றைக் காட்டி, அச்சு அசல் இதே மாதிரி வேண்டும் என்றார். செய்து கொடுத்தேன்.