போனவர் பெயரில் ஒரு பாராட்டு

டெல்லி ஆர்.கே.புரத்து இட்லிக் கடையிலிருந்து வெளியேறி சரோஜினி நகர் நோக்கி நடந்தேன். பஸ் ஏற மனம் வரவில்லை.

அதுவரை சின்னக் கடைகளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்து பிழைத்துவந்தேன். அந்தக் கடைக்கு, சாப்பிட்டவர்கள் எழுதியதுபோல் நானே பாராட்டுகள் எழுதி, வட்டாரத் தமிழர் வாட்ஸ்அப் குழுவிலிருந்த பெயர்களைப் போட்டிருந்தேன்.

அன்று நான் கடையில் இருந்தபோது ஓர் அம்மா வந்து, போனில் ஒரு பாராட்டைக் கடைக்காரரிடம் காட்டினார். "அண்ணா, இது எங்க வீட்டுக்காரர் பேரு. தவறி ரெண்டு மாசமாச்சு. எங்கிட்ட சொல்லாமலே இங்க வந்து சாப்பிட்டிருக்காரு. எந்த டேபிள்ல உக்காருவாரு?"

"நான்தாம்மா எழுதினேன்" என்றேன்.

அவர் திட்டவில்லை. "அச்சா, சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டுக் கிளம்புப்பா" என்றார் கடைக்காரர். அங்கேயே நின்று அழித்தேன்.

மறுநாள் காலை சரோஜினி நகர் மார்க்கெட்டில் துணி மூட்டை தூக்கச் சேர்ந்தேன். பெயர் கேட்டார்கள். என் பெயரைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.