அடியில் இரண்டு அடுக்கு கூடுதல்

எனக்குப் பொறுமை கிடையாது. நெல்லையில் ஆற்றங்கரைத் தெருவிலேயே குடியிருந்துகொண்டு, தாமிரபரணியில் படகு விட என் வீட்டுக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒழியட்டும் என்று எத்தனை நாள்தான் காத்திருப்பது? நானே தனியாகத் தூக்கிப்போகிற மாதிரி ஒரு கயாக், அதுதான் ஒற்றை ஆள் துடுப்புப் படகு, வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துப் படித்துறைவரை போய்த் திரும்பினேன். தெருவே சிரித்தது, சிரிக்கட்டும். அதுதான் என்னால் முடிந்த கனம்.

திருச்செந்தூர்ப் பக்கம் கடற்கரையில் மீனவர்களுக்கு ஃபைபர் வள்ளம் கட்டும் அண்ணாச்சி ஒருவரைப் பிடித்தேன். கனம் குறையக் கார்பன் நாரில் கட்டலாமா என்று கேட்டதும், "வெல கூட. பாறையில இடிச்சா பொட்டுனு விட்டுரும் டீச்சர். கண்ணாடி நாரே போதும்" என்றார். இயற்பியல் நடத்துகிறவள் சும்மா இருப்பேனா? பலம் நாரில் இருக்கிறது, ரெசின் பசை அதை ஒட்டிவைக்கத்தான், மிச்ச ரெசினை உருளையால் அழுத்தி எடுத்துவிடுங்கள், மூன்று அடுக்கு போதும் என்று தாளில் வரைந்தே கொடுத்தேன். தலையாட்டினார். அந்த மாதம் முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முடிந்ததும் போய், மீன் நிறுக்கும் தொங்கு தராசில் கயாக்கை மாட்டினோம். முப்பத்தாறு கிலோ. என்னால் தூக்க முடிந்ததைவிடப் பதினொரு கிலோ கூடுதல்.

"எத்தன அடுக்கு போட்டிய அண்ணாச்சி?"

"அடியில மட்டும் ரெண்டு கூட. பொம்பளப் பிள்ள, தன்னந்தனியா ஆத்துக்குள்ள போறிய. கரையில இழுபடுதுன்னு எங்க வள்ளத்துக்கு அப்படித்தான் போடுவோம். மனசு கேக்கல."

தனியாகப் போகிறேன் என்றுதான் கனத்தைக் கூட்டியிருக்கிறார். அந்தக் கனத்தாலேயே இனித் தனியாகப் போக முடியாது. திட்ட நாக்கு துடித்தது, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மிச்சப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

"ஞாயித்துக்கெழம நான் தூக்கித் தாரேன்" என்றார் வீட்டுக்காரர். அன்று திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். அவர் ஆபீஸ் போனதும் கயாக்கின் மூக்கில் கயிற்றைக் கட்டித் தெருவில் இழுத்தேன். படித்துறையில் ஒவ்வொரு படிக்கும் அது தடார் தடாரென்று விழ, என் நெஞ்சு அதற்குமுன் விழுந்தது. கீழே புரட்டிப் பார்த்தேன். சிவப்புச் சாயம் உரிந்திருந்தது, ஒரு விரிசல் இல்லை. மதியம்வரை துடுப்பு போட்டேன். அழுதேன், சந்தோஷத்தில்தான்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வாசலில் நின்று, படித்துறைவரை நீண்ட சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுக்க முடியலையா?"

"முடியல" என்றேன்.