ஷோனெட் கேட்காத வாக்கு

பிரின்டெரு மாளிகையின் சமையற்காரி ஷோனெட் மூன்று முதலாளிக் குடும்பங்களுக்கு வடித்துக்கொட்டியவள். முதலில் ப்ரைஸ் குடும்பம். முந்நூறு வருஷத்து வம்சம், நேர் வாரிசில்லாமல் முடிந்தது. கடைசிக் கிழவர் சாகும் தறுவாயில், மேல்பண்ணையைக் குத்தகைக்கு உழுதுவந்த அவள் தம்பி எலிஸைக் கூப்பிட்டு, "மேல்பண்ணை உனக்கும் உன் பிள்ளைங்களுக்கும்தான்டா. யாரும் அசைக்கமாட்டாங்க" என்றார். கட்டிலோரம் சூப்புக் கிண்ணமும் கரண்டியுமாக நின்றது ஷோனெட் ஒருத்திதான். காகிதமா? ப்ரைஸ் வீட்டு வாக்குக்குக் காகிதம் கேட்கிறவன் அந்த ஊரில் மனுஷனே இல்லை!

அப்புறம் இங்கிலாந்திலிருந்து கிழவரின் தங்கை மகன் ஹார்கோர்ட் புது முதலாளியாக வந்து சேர்ந்தான். ஊர்ச்சனம் பேசுகிற வெல்ஷ் மொழியில் ஒரு வார்த்தை தெரியாது, திமிருக்கு மட்டும் குறைச்சலில்லை. 1868 தேர்தலில் ஓட்டை எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். முதலாளியின் காரியஸ்தன் மேசையருகே நின்று முறைத்தான். எலிஸ் அசராமல் எதிர்க்கட்சிக்காரன் பெயரைச் சொன்னான். மறுவாரமே பண்ணையைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துவிட்டது.

எலிஸ் மாளிகைக்கே வந்து நின்றான். "பெரியவரு வாக்குக் குடுத்தாருங்க. எங்க அக்காவைக் கேளுங்க, பக்கத்துலதான் நின்னா."

ஷோனெட்டைக் கூப்பிட்டு ஹார்கோர்ட் ஏதோ சொல்ல, காரியஸ்தன் அதை அவளிடம் வெல்ஷில் சொன்னான். "உன் காதால கேட்டியாம்மா? யோசிச்சுச் சொல்லு. அடுப்படி மாடியில நீ படுக்கிற அறை யார் தயவுன்னும் யோசிச்சுக்க."

அவளுக்கு அறுபது வயது. புருஷனில்லை, போக்கிடமில்லை. திட்டுகிறவர்கள் திட்டட்டும், அந்த வயதில் பனியில் தெருவுக்கு வந்து பார்த்தால் தெரியும்.

"நான் கரண்டி எடுக்கக் கீழ போயிருந்தேங்க. ஒண்ணும் கேக்கல."

எலிஸ் கத்தவில்லை. "கரண்டி உன் கையிலதானே இருந்துச்சு, அக்கா" என்றான். வசந்தத்தில் நாலு குழந்தைகளோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினான். ஒரு கடிதமும் வரவில்லை. மேல்பண்ணைப் பக்கத்து ஜன்னலை ஷோனெட் அதற்கப்புறம் திறக்கவேயில்லை.

பதினோரு வருஷத்தில் ஹார்கோர்ட் சூதாடியே மாளிகையைத் தொலைத்தான். வாங்கியவர் சிலேட்டுக்கல் வியாபாரி மோரிஸ், பக்கத்து ஊர்க்காரர், தங்கமான மனுஷர். வீட்டின் சரித்திரத்தை எழுதிவைக்க அவருக்கு ஆசை.

"ஷோனெட்டம்மா, பழைய ஆளு நீங்க ஒருத்தர்தான். ப்ரைஸ் ஐயா கடைசியா என்ன சொன்னாரு?"

அவளால் அடக்க முடியவில்லை. வார்த்தை பிசகாமல் சொன்னாள். தான் பொய் சொன்னதையும் சொல்லி, தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

மோரிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "அழாதீங்கம்மா. மேல்பண்ணை சும்மாதானே கெடக்கு. தம்பிக்கு எழுதிப்போடுங்க, நான் குடுத்துடறேன்."

"எங்கே இருக்கான்னே தெரியாதுங்க" என்றாள் ஷோனெட். இந்தத் தடவை அவள் சொன்னது உண்மை.