அட்டைக்குப் பின்னால் நின்றவள்

இது நடந்தது, கண்ணுகளா. கதை கட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால், எங்கள் ஊருக்கு வந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொள்ளுங்கள். நடந்தது என் பக்கத்து வீட்டு ஒடெசாவுக்கு. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

ஜார்ஜியாவில் எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில், பழைய புகைப்படங்களுக்குச் சட்டம் போடுவது அவள் வேலை. ஒருநாள் அடிமைக் காலத்துப் படம் ஒன்று வந்தது. நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. அது சரிந்துவிடாமல், பக்கத்தில் நின்று முதுகைத் தாங்கியிருந்தாள் ஒரு கறுப்புத் தாதி. அவள் பெயர் யாருக்கும் தெரியாது.

படத்தைக் கொடுத்த டோலிவர் சீமாட்டி சொன்னாள்: "அது எங்க தாத்தாவோட அப்பா. அவர் மட்டும் தெரிஞ்சா போதும், ஒடெசா. அந்தப் பொம்பளை எதுக்கு? பாக்கிறவங்க கண்டதையும் பேசுவாங்க."

ஒடெசாவும் கறுப்பினத்தவள்தான். வாயைத் திறந்திருக்கலாம்.

"சரிங்க மேடம்" என்றாள்.

படத்தின் மேல் வைக்கும் அட்டையில், குழந்தை அளவுக்கு மட்டும் சன்னல் வெட்டினாள். தாதி அட்டைக்கு அடியில் போனாள்.

மறுநாள் மாலை, மூடும் நேரம். குழந்தையின் தோளில்... நான்கு விரல்கள் தெரிந்தன.

"கத்தி மழுங்கிடுச்சா, மிஸ் ஒடெசா?" காவல்காரன் டூயி சிரித்தான். "காலையில இந்த விரலைக் காணோமே."

"அட்டை நழுவியிருக்கும். நீ போய் வாசலைப் பாரு."

அவன் போனான். ஒடெசா சட்டத்தைக் கழற்றி, அட்டையை ஒட்டுநாடாவால் இறுக்கி, மறுபடி மாட்டினாள். விளக்கை அணைக்கத் திரும்பினாள்.

ஷ்ஷ்ஷ்...

குழந்தையைத் தூங்க வைக்கும் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். இப்போது முழங்கை வரை தெரிந்தது.

சட்டத்தை இறக்கி, அட்டையைத் தூக்கினாள்.

நாற்காலி இருந்தது. குழந்தை இருந்தது.

தாதி இல்லை.

குழந்தையின் கண்கள்... ஒடெசாவின் தோளுக்குப் பின்னால் பார்த்தன.

பிடரியில் மூச்சு.

ஷ்ஷ்ஷ்...

அவள் திரும்பவில்லை. திரும்பித் தாதியைப் பார்க்க ஒடெசாவுக்கு முகமில்லை.

"யாரோ சொன்னாங்கன்னு உன்னை மூடிட்டேன்மா" என்றாள். "நானே மூடிட்டேன்."

கத்தியை எடுத்தாள். கண்ணீரோடு சன்னலை அகலமாக வெட்டி, படத்தின் மேல் வைத்தாள்.

தாதி தன் இடத்தில் நின்றிருந்தாள்.

கண்காட்சித் திறப்பு விழாவில் டோலிவர் சீமாட்டி முகம் சிவந்தாள். "நான் என்ன சொன்னேன்?"

"சொன்னீங்க, மேடம். நான்தான் உங்க பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது."

சில மாதம் கழித்து, பழைய படங்களைப் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி அட்லாண்டாவிலிருந்து வந்தாள். சட்டத்தைப் பிரித்து, தாதியின் தோளோரம் ஓடிய பழுப்புக் கோட்டைக் காட்டினாள்.

"அட்டை அழுத்தின கறை இது. இவ்வளவு ஆழமா விழணும்னா அம்பது வருஷமாவது மூடி வச்சிருக்கணும். யாரு பண்ணின வேலை?"

ஒடெசா பார்த்தாள். அவள் முதலில் வெட்டிய அதே ஓரம்.

"நான்தான்."

"உங்களுக்கே அம்பது ஆகலையே" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

ஒடெசா அந்தத் தாதியை மூடி வைத்திருந்தது ஒரே ஒரு நாள்.